பொண்ணு பிரசவத்துக்கு ஜெர்மனி போகணும், 90 நாளுக்கு மேல தங்க வழி இருக்கா?

விருதுநகர் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரிட்டயர்டு வாத்தியார், விருதுநகர் பக்கம். என் பொண்ணும் மாப்பிள்ளையும் 2022-லருந்து ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல இருக்காங்க, ரெண்டு பேரும் வேலை பாக்குறாங்க. பொண்ணு இப்ப மாசமா இருக்கா, நவம்பர் 24-ன்னு டாக்டர் தேதி குடுத்திருக்காங்க. தலைப்பிரசவம், நம்ம வழக்கப்படி வளைகாப்பு முடிச்சு இங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கணும், ஆனா லீவு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி எல்லாம் யோசிச்சு அங்கேயே பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. சரி அவ வர முடியலேன்னா நாம போவோம்னு முடிவு பண்ணிட்டோம். வீட்டம்மா இப்பவே லேகியத்துக்கு சாமான் லிஸ்ட் போட்டு வச்சிருக்கா.

என் கேள்வி என்னன்னா, வீட்டம்மா (58 வயசு) நவம்பர் 10 வாக்குல போய் ஒரு ஆறு மாசம் இருந்து, குழந்தைக்குத் தலை நின்ன பிறகு வரலாம்னு நெனச்சோம், ஆனா விசிட் விசால 90 நாள்தான்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மையா, அங்க போன பிறகு நீட்டிக்க முடியுமா? நான் ஜனவரில ஒரு மாசம் மட்டும் போய் ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பலாம்னு இருக்கேன், எங்க அம்மாவுக்கு 86 வயசு, அதனால என்னால நாள் கணக்கா வீட்டை விட்டுப் போக முடியாது. இங்க பக்கத்து டவுன்ல ஒரு ஏஜென்ட் எல்லாம் நானே பாத்துக்கறேன், ஹோட்டல் புக்கிங் கூட நானே வச்சுடறேன், நீங்க அக்கவுண்ட்ல ஒரு 5 லட்சம் போட்டு மட்டும் காட்டுங்கன்னு சொல்றார். அது சரியா தப்பான்னு தெரியல. வீட்டம்மா பாஸ்போர்ட் 2031 வரைக்கும் இருக்கு, என்னோடது 2027 ஏப்ரல் 20 வரைக்கும் இருக்கு. இன்னொன்னு, பொண்ணோட பர்த் சர்டிபிகேட்ல அவ அம்மா பேர் இனிஷியலோட இருக்கு, பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிச்சு அவங்கப்பா பேரும் சேர்ந்து ரெண்டு வார்த்தையா இருக்கு, இது பிரச்சனை ஆகுமா? ரெண்டு பேருமே இதுவரைக்கும் வெளிநாடு போனதில்ல. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

ஐஸார் கரை:

அய்யா வணக்கம், முதல்ல வாழ்த்துகள். நான் மூனிக்ல இருக்கேன், எனக்கு ரெண்டு வருசம் முன்னாடி இதே நிலைமைதான், எங்க அம்மா தஞ்சாவூர்லருந்து வந்தாங்க. அதனால அனுபவிச்சதை சொல்றேன்.

90 நாள்ங்கறது உண்மை. ஜெர்மனி மட்டும் இல்ல, ஷெங்கன்னு ஒரே விசால போயிட்டு வர்ற ஐரோப்பிய நாடுகள் 29 இருக்கு, அது எல்லாத்துக்கும் சேர்த்துதான் அந்தக் கணக்கு, எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் அதுக்குள்ள 90 நாளுக்கு மேல இருக்கக் கூடாது. இறங்கற நாளும் கெளம்பற நாளும் ரெண்டும் கணக்குல வரும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. அம்மா நவம்பர் 10 ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கினா பிப்ரவரி 7 தான் 90-வது நாள், அன்னிக்கு அவங்க பார்டரைத் தாண்டியிருக்கணும். அதுக்கப்புறம் மறுபடி முழு 90 நாள் வேணும்னா மே 9-க்கு முன்னாடி வர முடியாது, அதுவும் புது விசா இருந்தாதான். நீட்டிக்கறது எல்லாம் ஆஸ்பத்திரில படுத்துட்டாங்க, ஃப்ளைட்டே ஓடல, அந்த மாதிரி தவிர்க்க முடியாத காரணத்துக்குத்தான், குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும்னு கேட்டா குடுக்க மாட்டாங்க, அதை நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க. 2024 மார்ச் 1-க்கு அப்புறம் முதல் தடவையா ஸ்கில்டு ஒர்க்கர் பர்மிட் வாங்கினவங்க பெத்தவங்களை நிரந்தரமா கூப்பிட்டுக்கலாம்னு ஒரு சட்டம் வந்திருக்கு, ஆனா உங்க பொண்ணு 2022-லயே வந்துட்டாங்க, அதோட அதுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் கிடைக்கறதே பெரும்பாடு, அதனால உங்களுக்கு அது இல்லைன்னே வச்சுக்கங்க.

விசாவை பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி 15 நாள் முன்னாடி. சாதாரணமா 15 நாள்ல முடிவு வரணும், சில சமயம் 45 நாள் வரைக்கும் இழுக்கும். ஃபீஸ் ஆளுக்கு 90 யூரோ, அதுக்கு மேல விசா சென்டர்ல சர்வீஸ் சார்ஜ் தனி. கிடைக்கலேன்னா ஃபீஸ் திரும்ப வராது. சென்னைல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுக்கே நாளாகும், அதனால இப்பவே பாருங்க. ரெண்டு பேரும் நேர்ல போய் கைரேகை குடுக்கணும், ஒரு தடவை குடுத்தா 59 மாசம் செல்லும்.

இங்க உங்க பொண்ணு பண்ண வேண்டியதுதான் முக்கியமானது. ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸெர்க்லேருங்னு ஒரு பேப்பர் இருக்கு, நம்மாளுங்க ஸ்பான்சர் லெட்டர்னு சொல்வாங்க. அவங்க ஊர் வெளிநாட்டவர் ஆபீஸ்ல போய் சம்பள ஸ்லிப், வீட்டு வாடகை அக்ரிமென்ட் காட்டி கையெழுத்து போட்டு வாங்கணும், 29 யூரோ. அதுல என்ன எழுதியிருக்குன்னு மாப்பிள்ளையைப் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க, நீங்க இங்க இருக்கற வரைக்கும் ஆகற செலவு, ஆஸ்பத்திரி செலவு உட்பட, எல்லாத்துக்கும் அவங்க பொறுப்புன்னு அர்த்தம், அஞ்சு வருசம் வரைக்கும் அந்தப் பொறுப்பு அவங்க மேல இருக்கும். உங்க பென்ஷனே போதும்னா இது இல்லாமலும் அப்ளை பண்ணலாம், ஆனா அம்மா தனியா வர்றாங்க, அவங்க பேர்ல வருமானம் இல்ல, அதனால இது இருக்கறது நல்லதுன்னு என் கருத்து. வாங்கின தேதிலருந்து ஆறு மாசத்துக்குள்ள விசாவுக்குப் பயன்படுத்திடணும், ஒரிஜினலை கூரியர்ல ஊருக்கு அனுப்பணும். அந்த ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்க எங்களுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு, நான் வயித்தைத் தள்ளிக்கிட்டு அலைஞ்சது இன்னும் ஞாபகம் இருக்கு, மாப்பிள்ளையையே போகச் சொல்லுங்க.

அப்புறம் முட்டர்பாஸ்னு ஒண்ணு உங்க பொண்ணுகிட்ட இருக்கும், நீல அட்டை போட்ட சின்ன புக், அதுல டெலிவரி தேதி எழுதியிருப்பாங்க. அந்தப் பக்கத்தோட காப்பியை வச்சு, பொண்ணுக்கு முதல் பிரசவம், துணைக்கு இருக்கப் போறேன், இந்தத் தேதிக்குப் போய் இந்தத் தேதிக்குத் திரும்பறேன்னு கவர் லெட்டர்ல நேரா எழுதிடுங்க. அம்மா பிள்ளைத்தாச்சி பொண்ணைப் பாக்கப் போறதுல மறைக்க ஒண்ணுமே இல்ல.

இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், தங்கற முழு நாளுக்கும் எடுக்கணும். பிபி சுகர் இருந்தா பாலிசில பழைய வியாதிக்கு என்ன போட்டிருக்குன்னு வரி வரியா படிங்க, மலிவா கிடைக்கறதுல பெரும்பாலும் அதுக்கு கவர் இருக்காது. இதுல நூறு ஐநூறு பாக்காதீங்க.

பயணி கோவை:

சார் 90 நாள் முடியறப்போ லண்டன்ல யாராவது சொந்தக்காரங்க இருந்தா ஒரு வாரம் போயிட்டு வந்துடுங்க, வெளிய போய் திரும்ப உள்ள வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும். என் ஃப்ரெண்டு ஒருத்தர் அப்படித்தான் சொன்னார். லண்டன் ஷெங்கன்ல இல்ல.

வன்னித்தென்றல்:

ஐயா, தயவுசெய்து அப்பிடி மட்டும் செய்யாதேங்கோ. கோவைத் தம்பி நல்லெண்ணத்திலதான் சொல்லியிருக்கிறார், ஆனா அது பிழை. லண்டன் ஷெங்கனுக்க இல்லை எண்டது சரி, அங்க நிக்கிற நாள் 90 இல கழியாது எண்டதும் சரி. ஆனா திரும்பி வரேக்க பழைய நாளுகள் அழியாது. ஒவ்வொரு நாளும் அண்டைக்கு இருந்து பின்னால 180 நாளைப் பாத்து எண்ணுவினம், அதுக்குள்ள 90 முடிஞ்சுதெண்டா முடிஞ்சுதுதான். அதைவிட, உங்கட மனிசிக்கு ஒருக்கா மட்டும் உள்ள வாற விசா குடுத்திருந்தா லண்டனுக்கு வெளிக்கிட்ட உடன அந்த விசாவே முடிஞ்சு போகும், திரும்ப ஜெர்மனிக்குள்ள வரவே ஏலாது. லண்டன் போறதுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வேற விசா வேணும்.

என்ர மாமி ஒராள் லண்டனில இருக்கிறா, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு விசா இல்லாமல் வந்தாலும் அவவுக்கும் 180 நாளில 90 தான். முந்தி பாஸ்போர்ட்டில சீல் குத்தினதை வச்சு கையால எண்ணினவை, இப்ப 2025 ஒக்டோபர் 12 இல இருந்து இஇஎஸ் எண்டு கொம்பியூட்டர் சிஸ்டம் கொண்டு வந்திட்டினம், உள்ள வந்த நாள் வெளிய போன நாள் எல்லாம் அதில பதிவாகும், ஒரு நாள் கூடுதலா நிண்டாலும் தானாத் தெரியும். கூட நிண்டு பிடிபட்டா குற்றப்பணம், திரும்ப வரத் தடை, அடுத்த விசாவுக்குச் சிக்கல் எல்லாம் வரும். பேரப்பிள்ளையை இனியும் எத்தினையோ தரம் பாக்க வரோணும், ஒரு கிழமைக்காக அதைக் கெடுக்காதேங்கோ.

நாங்கள் எங்கட அம்மாவை வவுனியாவில இருந்து கூப்பிட்டனாங்கள். அம்மா வந்து மூண்டு மாசம், அவ போன பிறகு இவரின்ர அம்மா வந்து மூண்டு மாசம் நிண்டவா. ஆறு மாசம் பிள்ளைக்கு ஆள் இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் கணக்கு வேற வேற. நீங்களும் சம்பந்தி வீட்டோட கதைச்சுப் பாருங்கோவன்.

டெல்டா மகன்:

விருதுநகர் சார், அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா நாங்க அதுல அடி வாங்கினவங்க. போன வருசம் எங்கப்பா அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்ப ஒரு ஏஜென்டை நம்பினோம். அவர் என்ன பண்ணினார்னா எங்களுக்கே சொல்லாம ஹோட்டல் புக்கிங் ஒண்ணு உள்ள வச்சுட்டார், அக்கா லெட்டர்ல எங்க வீட்லதான் தங்குவாங்கன்னு இருக்கு, ஃபைல்ல ஹோட்டல் இருக்கு. அதோட அப்ளை பண்றதுக்கு மூணு நாள் முன்னாடி அப்பா அக்கவுண்ட்ல 4 லட்சம் மாமாகிட்ட வாங்கிப் போட்டோம். மூணு மாச ஸ்டேட்மென்ட் பாக்கறாங்க, பென்ஷன் மாசாமாசம் வந்து செலவாகிட்டு இருந்த அக்கவுண்ட்ல திடீர்னு 4 லட்சம் வந்தா எங்கருந்து வந்துச்சுன்னு அவங்களுக்குக் கேள்வி வரத்தானே செய்யும். ரிஜெக்ட் ஆகி ஒரு அச்சடிச்ச ஃபாரம் வந்துச்சு, அதுல ரெண்டு கட்டத்துல டிக், ஒண்ணு தங்கற நோக்கத்துக்குக் குடுத்த விவரம் நம்பற மாதிரி இல்லைன்னு, இன்னொன்னு விசா முடியறதுக்குள்ள திரும்பிப் போவாங்களான்னு சந்தேகம்னு. 35 வருசம் ஒரே ஊர்ல மரியாதையா வாழ்ந்த மனுசன், அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

முன்னாடி எல்லாம் ரிஜெக்ட் ஆனா ஜெர்மன் கான்சுலேட்டுக்கே லெட்டர் எழுதி மறுபரிசீலனை கேக்கலாம், 2025 ஜூலை 1-லருந்து அந்த வழியை எடுத்துட்டாங்க, இப்ப பெர்லின் கோர்ட்டுக்குப் போகணும், இல்லேன்னா புதுசா ஃபீஸ் கட்டி அப்ளை பண்ணணும். நாங்க ரெண்டாவது தடவை ஏஜென்ட் இல்லாம நாங்களே பண்ணினோம். ஹோட்டல் கிடையாது. அக்காவோட ஸ்பான்சர் பேப்பர், அப்பாவோட பென்ஷன் ஆர்டர், நிலத்துப் பட்டா சிட்டா, வீட்டு வரி ரசீது, நான் ஊர்லயே வேலை பாக்கறேன்னு என் கம்பெனி லெட்டர், தம்பி காலேஜ்ல படிக்கறான்னு ஒரு போனஃபைட். திரும்பி வர்றதுக்கு என்ன காரணம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான் விஷயம். போன தடவை ரிஜெக்ட் ஆனதையும் ஏன் ஆச்சுங்கறதையும் மறைக்காம கவர் லெட்டர்லயே எழுதினோம், ஏன்னா அவங்க சிஸ்டத்துல அது அஞ்சு வருசம் இருக்கும், மறைச்சா இன்னும் கேவலம். 11 நாள்ல விசா வந்துச்சு. உங்க விஷயத்துல உங்க அம்மா 86 வயசுல உங்க பொறுப்புல இருக்காங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதை உங்க லெட்டர்ல கட்டாயம் எழுதுங்க, நீங்க திரும்பி வருவீங்கன்னு சொல்ல அதைவிடப் பெரிய காரணம் எது இருக்கு.

பேர் விஷயத்துக்கு, எங்கம்மாவுக்கும் இதே இனிஷியல் தகராறுதான். ரெண்டு பேர்லயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு போட்டு, ஆதார், ரேஷன் கார்டு காப்பியோட சேர்த்து வச்சோம், கேள்வியே வரல. ஆனா டிக்கெட்லயும் இன்சூரன்ஸ்லயும் ஸ்பான்சர் பேப்பர்லயும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ஒரு எழுத்து மாறாம இருக்கணும், அக்காகிட்ட பாஸ்போர்ட் போட்டோவையே அனுப்பிட்டோம்.

இன்னொன்னு, இதை யாரும் சொல்லல. உங்க பாஸ்போர்ட் 2027 ஏப்ரல் 20 வரைக்கும்தான்னு எழுதியிருக்கீங்க. ஷெங்கன்லருந்து கெளம்பற தேதிக்கு அப்புறம் குறைஞ்சது மூணு மாசம் பாஸ்போர்ட் செல்லணும். பிப்ரவரி 7 கெளம்பறீங்கன்னா மே 7 வரைக்கும் இருக்கணும், உங்களுக்கு பதினேழு நாள் குறையுது. முதல்ல ரினியூ பண்ணிட்டு அப்புறம் விசாவுக்குப் போங்க.

விருதுநகர் அப்பா:

தம்பி, நல்ல நேரத்துல சொன்னீங்க, இது எங்க யார் கண்ணுக்கும் படல. இன்னிக்குக் காலைலயே பாஸ்போர்ட் சேவா ஆன்லைன்ல ரினியூவலுக்குப் போட்டுட்டேன். உங்க அப்பாவைப் பத்தி எழுதினதைப் படிச்சு மனசு கஷ்டமா இருந்துச்சு. ஏஜென்ட்டுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன், அக்கவுண்ட்ல எதுவும் போடப் போறதில்ல, என் பென்ஷன் என்ன வருதோ அதுவே இருக்கட்டும்.

வன்னித்தென்றல் அம்மா, நீங்க சொன்னதை அப்படியே பொண்ணுகிட்ட சொன்னேன், சம்பந்தி அம்மாவும் சந்தோசமா ஒத்துக்கிட்டாங்க, அவங்க பிப்ரவரில வர்றதா இருக்காங்க.

வீட்டம்மாவுக்கு இன்னும் ரெண்டு பயம். ஒண்ணு, தமிழ் தவிர வேற பாஷை தெரியாது, ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி அந்த ஆபீசர் ஏதாவது கேட்டா என்ன பண்றதுன்னு. ரெண்டாவது, பிரசவ லேகியம், ஊர்ல உருக்கின நெய், கறிவேப்பிலை, கசகசா, வசம்பு, சுக்கு இதெல்லாம் கொண்டு போக விடுவாங்களா? நெய் இல்லாம எப்படிப் பத்தியம் போடறதுன்னு தினமும் கேக்குறா.

ஐஸார் கரை:

அய்யா பாஸ்போர்ட் தேதியை நான் கவனிக்காம விட்டுட்டேன், டெல்டா தம்பிக்கு நன்றி.

அம்மாகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. டிக்கெட் போடும்போதே வீல்சேர் அசிஸ்டன்ஸ் கேட்டுடுங்க, காசு கிடையாது, நடக்க முடிஞ்சவங்களும் கேக்கலாம், அவங்க ஆளே கூட்டிட்டுப் போய் இமிக்ரேஷன்ல நிறுத்தி, லக்கேஜ் எடுத்து, வெளிய பொண்ணு கையில விடற வரைக்கும் கூடவே இருப்பாங்க. சென்னைலருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரா வருது, கொஞ்சம் கூட ஆனாலும் தனியா வர்ற அம்மாவுக்கு அதுதான் நிம்மதி, நடுவுல எங்கயும் இறங்கி கேட் தேட வேண்டாம். ஏர்போர்ட்லயே ட்ரெயின் ஸ்டேஷன் இருக்கு, அங்கருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வேகமான ட்ரெயின்ல ஒன்றேகால் மணி நேரம் மாதிரிதான் ஆகும்.

விசா இருந்தாலும் பார்டர்ல கேள்வி கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, எதுக்கு வர்றீங்க, எத்தனை நாள், எங்க தங்கறீங்க, ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா, பொதுவா இதுதான். எங்கம்மாவுக்கு நான் ஜெர்மன்ல அரைப் பக்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருந்தேன், இவங்க என் அம்மா, என் பிரசவத்துக்கு வர்றாங்க, இந்தத் தேதி திரும்பறாங்க, என் அட்ரஸ் இது, நான் வெளிய நிக்கறேன், என் நம்பர் இதுன்னு. அதோட ரிட்டர்ன் டிக்கெட், இன்சூரன்ஸ், ஸ்பான்சர் பேப்பர் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு கைப்பையில வச்சுக்கச் சொன்னேன், செக்-இன் பெட்டில போட்டுடக் கூடாது. ஆபீசர் லெட்டரைப் படிச்சுட்டு சிரிச்சு ஏதோ சொன்னாராம், அம்மாவுக்குப் புரியல, வாழ்த்து சொல்லியிருப்பார்னு நான் நெனச்சுக்கிட்டேன். விசாவுக்குக் குடுத்த கைரேகையை அங்க சரிபார்ப்பாங்க, முகத்தை ஒரு போட்டோ எடுப்பாங்க, பயப்பட ஒண்ணுமில்ல.

ரிட்டர்ன் டிக்கெட்டை 90-வது நாளுக்குப் போடாதீங்க, 85, 86-வது நாளுக்குப் போடுங்க, குளிர்காலத்துல பனி, ஸ்ட்ரைக்னு ஃப்ளைட் கேன்சல் ஆகறது உண்டு. விசா ஸ்டிக்கர் வந்ததும் ரெண்டு இடத்தைப் பாருங்க. எந்தத் தேதிலருந்து எந்தத் தேதி வரைக்கும்னு ஒரு இடத்துல இருக்கும், எத்தனை நாள் தங்கலாம்னு இன்னொரு இடத்துல இருக்கும். தேதி பெரும்பாலும் 15 நாள் கூடுதலா குடுத்திருப்பாங்க, அதைப் பாத்துட்டு அது வரைக்கும் இருக்கலாம்னு நெனச்சுடறாங்க, அப்படி இல்ல, நாள் கணக்கு எவ்வளவு போட்டிருக்கோ அவ்வளவுதான்.

சாமான் விஷயம். பால் சம்பந்தப்பட்டது, கறி சம்பந்தப்பட்டது எதுவும் வெளிநாட்டுலருந்து ஐரோப்பாவுக்குள்ள கொண்டு வரக் கூடாது, அதனால நெய், பால்கோவா வேண்டாம். லேகியத்துல நெய் சேர்ப்பீங்க இல்லையா, அதனால அதைக் கிளறி எடுத்துட்டு வராம, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வசம்பு எல்லாம் காய்ஞ்ச சாமானா, பொடியா சின்ன சின்னப் பாக்கெட்ல பேர் எழுதி எடுத்துட்டு வந்து, இங்க எங்க அடுப்புலயே கிளறலாம். எங்கம்மா அப்படித்தான் பண்ணினாங்க, வீடே மணந்துச்சு. நெய்க்கு இங்க எந்த சூப்பர் மார்க்கெட்லயும் புட்டர்ஷ்மால்ட்ஸ்னு இருக்கும், உருக்கின வெண்ணெய்தான், இல்லேன்னா வெண்ணெய் வாங்கி அம்மாவே உருக்கிக்கலாம், இந்த ஊர் வெண்ணெய் நல்லா இருக்கும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், கீரை எல்லாத்துக்கும் செடி நோய் இல்லைன்னு சர்டிபிகேட் கேப்பாங்க, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டூரியன் இது அஞ்சுக்கு மட்டும்தான் விலக்கு. கசகசா மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் வேண்டாம், ஒருவேளை துபாய் வழியா டிக்கெட் போட்டீங்கன்னா அங்க கசகசா தடை பண்ணின பொருள், ஒரு ஸ்பூன் இருந்தாலும் பெரிய வம்பு. இங்க கடையிலேயே கிடைக்குது, மோன்னு கேட்டா குடுப்பாங்க. மாத்திரை மூணு மாசத்துக்கு எடுத்துட்டு வரலாம், டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல இருக்கணும், பிபி மாத்திரை பேரை விட உள்ள இருக்கற மருந்து பேர் எழுதி வாங்கிக்கங்க.

அப்புறம் அய்யா, உங்க பொண்ணைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. இங்க ஹெபாமேன்னு மருத்துவச்சி இருக்காங்க, டெலிவரிக்கு அப்புறம் 12 வாரம் வரைக்கும் வீட்டுக்கே வந்து தாயையும் குழந்தையையும் பாத்துட்டுப் போவாங்க, இன்சூரன்ஸே குடுத்துடும். ஆனா அவங்களை இப்பவே பேசி வைக்கணும், கடைசில தேடினா கிடைக்க மாட்டாங்க, இதை இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லுங்க.

பயணி கோவை:

வன்னித்தென்றல் அக்கா சொன்ன பிறகு நானும் தேடிப் பாத்தேன், நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கங்க சார். ஐரோப்பிய யூனியன் தளத்துலயே தேதி போட்டா மிச்ச நாள் எத்தனைன்னு சொல்ற கால்குலேட்டர் இருக்கு, நான் உங்க தேதியைப் போட்டுப் பாத்தேன், பிப்ரவரி 7 தான் வருது.

எனக்கு நேரா தெரிஞ்சது ஒண்ணு சொல்றேன். அதே விசால பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க், ஸ்விட்சர்லாந்துல சூரிச் எல்லாம் ஒரு நாள் போயிட்டு வரலாம், ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்லேன்னாலும் ஷெங்கன்ல இருக்கு. ஆனா பாஸ்போர்ட் கையில இருக்கணும். 2024 செப்டம்பர் 16-லருந்து ஜெர்மனி எல்லா தரை பார்டர்லயும் செக்கிங் வச்சிருக்கு, நான் ட்ரெயின்ல திரும்பும்போது போலீஸ் ஏறி எங்க பெட்டில எல்லார் பாஸ்போர்ட்டையும் பாத்தாங்க. வீட்ல வச்சுட்டுப் போனா மாட்டிக்குவீங்க.

விருதுநகர் அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாப்பிள்ளைக்கு அந்த ஆபீஸ்ல ஜூலை 14 அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு. ஹெபாமேயையும் பேசி வச்சுட்டாங்களாம், பொண்ணு ஏற்கனவே விசாரிச்சுட்டுதான் இருந்திருக்கா. வீட்டம்மாவுக்கு நவம்பர் 10 போய் பிப்ரவரி 3 திரும்பற மாதிரி பாக்குறோம், எண்ணிப் பாத்தா 86 நாள் வருது. நானும் அதே ஃப்ளைட்ல திரும்பறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும். சம்பந்தி அம்மா பிப்ரவரி 1 வந்து இறங்கறாங்க, ரெண்டு மூணு நாள் எல்லாரும் ஒரே வீட்ல இருப்போம், ஒரே பொண்ணோட ஸ்பான்சர்ல மூணு பேர் ஒரே சமயத்துல இருக்கறது தப்பா?

வன்னித்தென்றல்:

பிழை இல்லை ஐயா. மாப்பிள்ளையின்ர சம்பளம் மூண்டு பேருக்கும் காணுமோ எண்டுதான் அந்த ஒஃபிசில பாப்பினம். சம்பந்தி அம்மாவுக்கான பேப்பரை மட்டும் இப்ப எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, ஆறு மாசத்துக்குள்ள பாவிக்கோணும் எல்லே, அவ பெப்ரவரியில வாறதெண்டா செப்டெம்பருக்குப் பிறகு எடுக்கிறது வசதி. உங்களுக்கும் மனிசிக்கும் இப்பவே எடுக்கட்டும். பிள்ளை பிறந்த உடன இங்க வந்து ஒரு வரி எழுதுங்கோ.